பார்க்க வைக்கிறவர்

அவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் பிடித்திருப்பேன். ஒரு கிரைண்டர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். பில் இல்லாமல் டீச் செலவுகூட என் மேஜையைத் தாண்டாது. சேல்ஸ் பையன்கள் என்னைக் கண்டால் மாடிப்படி ஏறாமல் கீழேயே நின்றுகொள்வார்கள். அப்படிப்பட்ட என்னிடமே, ஒன்றும் எழுதித் தராமல், ஒன்றும் உறுதி சொல்லாமல், வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்துக் கும்பிட்டுக் கொடுக்க வைத்தவர் அவர்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு தோல் பை, நெற்றியில் சந்தனம். இதற்கு மேல் தலையில் ஒரு நீலக் கலர் விளையாட்டுத் தொப்பி. அந்தத் தொப்பியை மட்டும் கழற்றிவிட்டால் நேராக ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நடந்து போய்விடலாம். எதிரில் எல்லோரும் அவரை சார் என்றார்கள். அவர் போன பிறகு, பார்க்க வைக்கிறவர் என்றார்கள்.

என் மகள் கௌசி கோயம்புத்தூரில் படித்த பள்ளியில் பெண்களுக்கு பேஸ்பால் குழு இருந்தது. கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரியான விளையாட்டு. மட்டை உருண்டையாக இருக்கும். கையில் பெரிய தோலுறை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடிப்பார்கள். பந்து எறிகிறவளுக்குப் பிட்சர் என்று பெயர், கௌசிதான் பிட்சர். அவள் மார்க்குக்கு நல்ல கல்லூரிகளில் வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டார். ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்துவிட்டால் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம், பின்னால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை. ஆகவே எங்களுக்கு அவள் வலது கைதான் கதி.

அவர் முதன்முதலாக என்னிடம் பேசியது அந்தப் பள்ளி மைதானத்தில், ஒரு சனிக்கிழமை. பக்கத்தில் வந்து நின்று, செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மணி, புள்ள நெம்ப நல்லா வீசுதுங்க. ஆனா ஆரு பாக்கறாங்க?"

"நான் பாக்கறனுங்க. அவங்கப்பாவும் நேரங் கெடச்சா வருவாருங்க."

"நீங்க பாத்து என்னங்க ஆகப்போகுது? பாக்க வேண்டியவங்க பாக்கோணுமுங்க."

இதுதான் அவர் வாயிலிருந்து நான் அடிக்கடி கேட்ட வார்த்தை. பாக்க வேண்டியவங்க. யார் அவர்கள் என்று கேட்டால் பதில் வராது. கல்லூரிகளில் ஆள் எடுக்கிறவர்கள், கோச்சுகள், அவர்களுக்கு வேண்டியவர்கள் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களை மைதானத்துக்கு வர வைத்துப் பிள்ளையைப் பார்க்க வைப்பது அவர் வேலை, அதற்கு வருடத்துக்கு ஒரு தொகை. மற்ற ஊர்களில் இதற்கு எக்ஸ்போஷர் கேம்ப் என்று பெயர் வைத்து, பிள்ளை ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீங்களும் வீடியோ அனுப்புவீர்களா என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"போட்டோவப் பாத்து முடிச்ச கலியாணமெல்லாம் எந்த லட்சணத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நேருல பாக்கோணும். அதும் புள்ளைக்குத் தெரியாமப் பாக்கோணும்."

"தெரியாமயா?"

"சீவிச் சிங்காரிச்சு உக்கார வெச்சா எல்லாப் பொண்ணும் அழகுதானுங்க. மருதமலைப் படியில மூச்சு வாங்க ஏறிட்டு இருக்கறப்ப, பின்னால ஒருத்தரு வருவாரு. அவருதான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அப்பப் பாக்கறாங்க பாருங்க, அதுதான் நெசமான பார்வை. நான் முடிச்சு வெச்ச சம்பந்தமெல்லாம் அப்படித்தானுங்க."

அவர் பல வருடம் கல்யாணத் தரகராக இருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு தடவை அவர் கொண்டுபோன பெண்ணை, பந்து விளையாடுகிறவள் என்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்களாம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருடமே விளையாட்டில் ரயில்வே வேலை கிடைத்ததாம். வேண்டாம் என்றவர்களே தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்களாம். "அன்னிக்குத்தானுங்க எனக்குப் புத்தி வந்துது" என்றார். எந்த ஊர், யார் பெண் என்று கேட்டேன். "நல்ல குடும்பமுங்க" என்றார்.

வேறு யாராவது வந்து இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் தொட்ட இடம் அப்படி. என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். ஈச்சனாரி கோயிலில் பிரசாத வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, என் சடையையும் நான் சில்லறை எண்ணுவதையும் பார்த்துக்கொண்டே வந்த அம்மாள்தான் பிறகு என் மாமியார். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் அதை எனக்குச் சொன்னார்கள். அதனால் யாரோ பின்னால் நின்று பார்ப்பார்கள், நமக்குத் தெரியாது, நல்லது நடக்கும் என்பதை நம்ப எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்குமே இருந்திருக்காது.

பணத்தை அவர் கையில் வாங்கமாட்டார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் வைத்த தட்டில் வைத்து, கணவனும் மனைவியுமாக நின்று கொடுக்க வேண்டும். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே ஆயிற்று. அப்படிக் கொடுத்த பணத்துக்கு யார் ரசீது கேட்பது? நான் கேட்க வாயெடுத்தேன். தட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு மைதானத்தில் எங்கள் பாடு வேடிக்கைதான். எங்கள் குழுவில் பாதிப் பெண்களின் வீட்டில் தட்டு வைத்திருந்தார்கள். மைதானத்துச் சுவர் ஓரம் எந்த முகம் தெரியாத ஆள் நின்றாலும் எங்கள் முதுகு நிமிர்ந்துவிடும். நான் அவரிடம் போய் மெல்லக் கேட்பேன்.

"இன்னிக்கு ஆராச்சும் வந்திருக்காங்களாங்க?"

அவர் ஆமாம் என்று சொல்லமாட்டார். இல்லை என்றும் சொல்லமாட்டார். சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். அப்புறம் வானத்தைப் பார்ப்பார்.

"வெயில் சாஸ்தியாத்தான் இருக்குது. அக்கட்டால நிக்கறவருக்கும் ஒரு டீ குடுத்துப்போடுங்க, பாவம்."

அவ்வளவுதான். போதாதா? அங்கே நிற்கிறவருக்கு டீ போகும், பின்னாலேயே வடை போகும். ஒரு தடவை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு நாங்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அவர் மின்சார வாரியத்துக்காரர், மீட்டர் ரூமின் சாவிக்குக் காத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சீட்டுக் கம்பெனி ஏஜென்ட். இந்த மைதானத்தில் மரியாதை கிடைக்கிறது என்று தெரிந்ததும் அவர் வாராவாரம் வர ஆரம்பித்துவிட்டார். எங்களில் மூன்று பேர் அவரிடம் சீட்டுக்கூடச் சேர்ந்தார்கள். அதைப் பற்றிச் சொன்னபோது பார்க்க வைக்கிறவர் சிரிக்கவில்லை.

"நான் அவர ஒண்ணுஞ் சொல்லலீங்களே அம்மணி. டீ குடுங்கன்னுதானே சொன்னேன்?"

உண்மைதான். டீ கொடுங்கள் என்றுதான் சொன்னார். அதில் என்ன பொய் இருக்கிறது? எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது அன்றுதான்.

என் வீட்டுக்காரர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சுக் குறைவு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"வந்து பாத்தவங்கள்ல ஒருத்தரு பேராச்சும் அந்தாளு சொல்லியிருக்காரா?"

"சொன்னா அவங்களுக்குச் சங்கடமாம்."

"பொண்ணு பாக்க வந்தவன்கூட புடிச்சா புடிச்சுது, இல்லீன்னா இல்லீன்னு சொல்லியனுப்புவான். இங்க அதுங்கூடக் காணமே."

நான் ரசம் ஊற்றினேன். அவர் கேட்டது சரி. ஆனால் தட்டு வைத்துவிட்டோம், விட்டுவிடவும் மனசு வரவில்லை. எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தின் பெண் போன வருடம் அவர் மூலமாக ஒரு நல்ல கல்லூரியில் சேர்ந்திருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த பெருமை. அந்தப் பெண்ணின் அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"உங்க புள்ளைய ஆரு வந்து பாத்தாங்கன்னு தெரியுமுங்களா?"

"அது தெரியலீங்க. காலேஜுல ட்ரயல்ஸ் வெச்சாங்க, எல்லாருந்தான் போனாங்க. எங்க புள்ளைய எடுத்துட்டாங்க."

"அப்ப ட்ரயல்ஸ்ல வீசித்தானே எடுத்தாங்க? இவரு எதுக்குங்க?"

அந்தம்மா என் கேள்வியையே திருப்பிப் போட்டார்.

"இவரு முன்னாலயே பாக்க வெச்சதாலதானே அங்க எடுத்தாங்க? இல்லீன்னா அத்தன புள்ளைகள்ல எங்க புள்ள எப்படிங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

போனை வைத்துவிட்டு யோசித்தேன். இதில் எந்த இடத்தில் கையை வைத்துத் தப்பு என்று சொல்வது? எடுத்தால் அவர் பார்க்க வைத்ததால் எடுத்தார்கள். எடுக்காவிட்டால் பார்க்க வந்தவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டிலும் அவர் கணக்கு நேராகிவிடுகிறது. கம்பெனியில் இப்படி ஒரு கணக்கு என் மேஜைக்கு வந்திருந்தால் அதை எழுதியவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன். இங்கே எனக்கே அந்த அம்மாளின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது.

அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டால் சுலபம். எனக்கு அதற்கும் மனசாட்சி இடம் தரவில்லை. மழையானாலும் வெயிலானாலும் எந்த ஆட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. தோற்றுப்போய் அழுகிற பெண்களுக்குத் தோல் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளையின் அப்பா துபாயில் இருக்கிறார் என்று எல்லாம் தெரியும். கௌசியை "என்ற கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கும் அவர் மேல் உயிர். எங்களை விட அவர் தன்னை நம்புகிறார் என்று அவள் நினைத்தாள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஆனால் அவள் கையை யார் பார்ப்பது?

என்றைக்கு வருவார்கள் என்று தெரியாது. ஆகவே எல்லா நாளும் அந்த நாள்தான். மற்ற பிட்சர்கள் பயிற்சியில் பாதி வேகத்தில் எறிவார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் எறிவார்கள். கௌசி தினமும் முழு வேகம். சுவர் ஓரம் ஒரு நிழல் அசைந்தால் இன்னும் வேகம். பள்ளியின் பி.டி. டீச்சர் ஒருநாள் என்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க. தினோமும் இப்படி வீசுனா முழங்கை போயிரும். நாஞ் சொன்னாக் கேக்க மாட்டீங்கறா."

"என்னங்க சொல்றா?"

"இன்னிக்குன்னு வந்துட்டாங்கன்னா என்ன பண்றது மிஸ்ங்கறா. ஆரு வரப்போறாங்கன்னு கேட்டா ஆகாசத்தப் பாக்கறா."

வானத்தைப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் கௌசியால் சீப்பைத் தலைக்குத் தூக்க முடியவில்லை. டாக்டர் முழங்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, சில வாரங்கள் பந்தைத் தொடவே கூடாது, தொட்டால் பிறகு ஆபரேஷன்தான் என்றார். வெளியே வந்ததும் கௌசி அழுதாள். கை வலிக்காக இல்லை.

"அதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கன்னா?" என்றாள்.

மறுநாள் அவர் சாத்துக்குடிப் பையோடு வீட்டுக்கு வந்தார். கௌசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே தன் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"நல்லா ஓய்வு எடு கண்ணு. கை சரியாகட்டும். வர்றவங்களுக்கு நாஞ் சொல்லிக்கறேன், நீ அதப் பத்தி நெனைக்கவே வேண்டாம்."

எனக்கே கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று காபி போட்டுக் கொடுத்தேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"பாருங்க, இந்த மாசம்னு பாத்து இப்படி ஆகோணுமா. செரி, விடுங்க. எல்லாம் நேரம்."

இந்த மாதம் என்ன? யாராவது வருவதாக இருந்தார்களா? நான் கேட்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் கௌசி நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் காதில் விழட்டும் என்று சொன்னாரா, தானாக வாயில் வந்ததா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே அவள் கட்டைப் பிரித்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். என்னிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த நிலையில்தான் இரண்டாவது வருடத்துத் தட்டு வைக்கிற நேரம் வந்தது. கௌசிக்கு அது பிளஸ் டூ. இந்த வருடம் யாராவது எடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். கௌசி சாப்பிடாமல் இருந்தாள். நான் நடுவில் நின்று, வெள்ளிக்கிழமை வைத்துவிடலாம் என்று வெற்றிலைக்குச் சொல்லிவைத்தேன். நம்பிக்கை இல்லாமலே பணம் கொடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், எல்லோரும் எழுந்து நிற்கிற இடத்தில் நாம் மட்டும் உட்கார்ந்திருக்க முடியாத மாதிரி இருக்கும்.

அந்தப் புதன்கிழமை கம்பெனி வேலையாக நான் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனேன். பெயின்ட் அடிக்கக் கொடுத்த கிரைண்டர் மூடிகளில் பாதி உரிந்து வந்திருந்தன. கணக்கை நேர் பண்ண வேண்டும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் ஃபைல். வேலை சீக்கிரம் முடிந்தது. டிரைவர் டீசல் போட்டு வருவதாகச் சொல்லிப் போனார். ரோட்டோரம் நின்றபோது பக்கத்துப் பள்ளி மைதானத்திலிருந்து பந்து தோலுறையில் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு வருடமாகக் கேட்ட சத்தம் அது, கால் தானாகவே உள்ளே போய்விட்டது. பெண்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓர நிழலில் போய் நின்றேன்.

எதிர்ப்பக்கம் பெற்றோர் கூட்டம். அதன் நடுவில் நீலத் தொப்பி.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே தூக்கி, நன்றாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். கோயம்புத்தூரில் ஒருநாளும் எனக்கு அப்படிக் கும்பிட்டதில்லை. கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பிறகு ஸ்ட்ரா போட்ட இளநீர் வந்தது. பெருந்துறைக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு பாதி குடித்துவிட்டேன். அப்போது என் வயதுள்ள ஒரு அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மில் வேலைக்குப் போகிற கை, விரல் முனையெல்லாம் காய்ப்பு.

"ஏனுங்க, அந்த ரெட்டச் சடை போட்டு வீசறது எங்க புள்ளைங்க. நேத்துக் காச்சலு. இல்லீன்னா இன்னும் நல்லா வீசுமுங்க."

இளநீரைக் கீழே வைத்தேன். நாற்காலி, இளநீர், அந்தக் கும்பிடு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. பாக்க வேண்டியவங்க வந்திருக்கிறார்கள். அது நான்தான். எங்கள் மைதானத்தில் நாங்கள் டீ கொடுத்தவர்களும் என்னைப் போலத்தான் நின்றிருப்பார்கள். யாரோ ஒரு சாவிக்கு, யாரோ ஒரு டிரைவருக்குக் காத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவைத்த வெற்றிலை அந்த நிமிடமே என் வீட்டைப் பொறுத்தவரை வாடிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ன கேட்பது? கும்பிட்டார். கும்பிடுவது பொய்யா?

அந்த அம்மாளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

"நானு எந்தக் காலேஜும் இல்லீங்க. கோயமுத்தூருல கணக்கெழுதற வேலைங்க. என்ற புள்ளையும் பேஸ்பாலு ஆடறா. உங்களாட்ட இவருக்குத் தட்டு வெச்சவதானுங்க நானும். பணம் குடுக்காதீங்க. ஆரும் வர்றதில்லீங்க."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பயப்படவும் இல்லை. என்னைப் பார்த்து, ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொண்டவர்கள் சிரிக்கிற மாதிரி, மரியாதையாகச் சிரித்தார்.

"தெரியுமுங்க. கேட்டா இப்படித்தான் சொல்லுவாங்கன்னு சாரு மொதல்லயே சொல்லிப்போட்டாருங்க."

சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்தப் பெண் ஓடிவந்தாள். ஒல்லியான பெண், முகமெல்லாம் வேர்வை, கண் காய்ச்சலில் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கேட்காமலே போய்க் கோட்டில் நின்றாள். எதிரில் இன்னொரு பெண் தோலுறையோடு குந்தினாள். எறிந்தாள். என் மகளை விட நன்றாகவே எறிந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையைத் தொங்கவிட்டு, யாருக்கும் தெரியாத மாதிரி, முழங்கையை உதறிக்கொண்டாள். கௌசி அப்படித்தான் உதறுவாள். சீப்பைத் தூக்க முடியாமல் போன காலைக்கு முந்தின வாரம் முழுக்க உதறினாள்.

"போதும் கண்ணு" என்றேன். "கை வலிக்குதில்ல? வீசாத. கொஞ்ச நாளைக்குப் பந்தத் தொடாத."

அவள் நின்றுவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கிப்போயிற்று.

"புடிக்கலீங்களா?" என்றார்.

"அய்யோ, அதில்லீங்க. நல்லா வீசறா. நெம்ப நல்லா வீசறா. கைக்கு ஆகாதுங்கறேன்."

"இன்னும் ஒண்ணு வீசறனுங்க" என்றாள் அந்தப் பெண். "இது காச்சல்ல வந்த வலிங்க. சும்மா பாருங்க, ஒண்ணே ஒண்ணு."

நான் என்ன சொன்னாலும் அது ஒரு கல்லூரி சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது. நல்லா இருக்கிறது என்றால் இன்னும் எறிவாள். போதும் என்றால் அதை மாற்றுவதற்காக எறிவாள். நான் பார்க்கிறவரைக்கும் அந்தப் பெண் எறிந்துகொண்டே இருப்பாள் என்று புரிந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கேட்டை நோக்கி வேகமாக நடந்தேன். நான் போய்விட்டால் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன். பின்னால் பந்து தோலுறையில் விழுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் குரலும் கேட்டது.

"அவங்க போனாப் போறாங்க கண்ணு, நீ நிறுத்தாத. வேற ஆராச்சும் பாத்துட்டுத்தான் இருப்பாங்க."